பழைய கம்ப்யூட்டரும் புதிய மேஸ்திரியும்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. கே.ஜி.எஃப். என்றும் சொல்வார்கள். அங்கே தங்கச் சுரங்கம் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே வட ஆற்காடு, சேலம் பக்கத்து மக்கள் அந்தச் சுரங்க வேலைக்குப் போனார்கள். அங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்றும் தமிழ் பேசுகிறார்கள். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. இப்போது பலருக்கு வேலை பெங்களூரில். விடியற்காலையில் ரயில் ஏறுவார்கள். இரவுதான் வீடு திரும்புவார்கள்.

அந்த ஊரில் ஒரு லைன் வீடு. அங்கே ஒரு குடும்பம். கணவர் பெங்களூரில் காவலாளி. மாமனார் பழைய சுரங்கத் தொழிலாளி. மகள் இரண்டாம் பி.யு.சி. படிக்கிறாள். வீட்டுக்கார அம்மா வீட்டிலேயே டைப் வேலை செய்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் டைப் அக்கா.

அவர் இளம் வயதில் தமிழ்த் தட்டச்சு படித்தவர். 2020-ல் பள்ளிகள் மூடியிருந்தபோது மகளின் படிப்புக்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பள்ளி திறந்த பிறகு அது சும்மா கிடந்தது. அக்கா அதில் டைப் அடிக்க ஆரம்பித்தார். வீட்டு வாடகையும் மளிகைக் கடன் பாக்கியும் அதிலிருந்துதான் கட்டுகிறார்கள்.

2025 நவம்பர் மாதம். ஒரு நாள் மாலை. அக்கா கல்யாணப் பத்திரிகை ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று திரை முழுவதும் ஓர் அறிவிப்பு வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. மகளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா எழுதியிருக்கிறது? படி."

மகள் படித்தாள். "விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதாம் அம்மா. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததாம்."

"முடிந்துவிட்டதா? அப்படியென்றால் இனி ஓடாதா?"

மகளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அக்கா கடைத்தெருவுக்குப் போனார். கம்ப்யூட்டர் கடையில் கேட்டார். கடைக்காரர் கம்ப்யூட்டரின் வயதைக் கேட்டார். "அது பழசு அக்கா. புது விண்டோஸ் அதில் ஏறாது. புதியது வாங்குங்கள். 28 ஆயிரம் ஆகும். பழையதை 1500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

அக்காவிடம் 30 ஆயிரம் ரூபாய் இருந்தது. மகளிர் குழுவில் வாங்கிய கடன். மகளின் படிப்புக்காக வைத்திருந்த பணம். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. கம்ப்யூட்டர் நின்றால் வருமானம் நிற்கும். பணத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் மகளின் படிப்பு நிற்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூர் எஸ்.பி. ரோடில் வேலை செய்கிறான். அங்கே வரிசையாகக் கம்ப்யூட்டர் கடைகள். அவன் ஒரு கடையில் ரிப்பேர் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பான். அக்கா அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்கள் கம்ப்யூட்டர் செத்துப் போய்விட்டதா? சொல்."

தம்பி சிரித்தான். பொத்தானை அழுத்தினான். கம்ப்யூட்டர் எழுந்தது. பத்திரிகையைத் திறந்தான். திறந்தது. அச்சும் எடுத்தான். வந்தது.

"சாகவில்லையே அக்கா. நேற்று ஓடியது போலத்தான் இன்றும் ஓடுகிறது."

"பிறகு என்ன முடிந்தது?"

அப்போது மாமனார் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்க ஆசை. உள்ளே வந்து உட்கார்ந்தார். தம்பி அவரைப் பார்த்தே பேச ஆரம்பித்தான்.

"தாத்தா, சுரங்கத்தில் மேஸ்திரி என்ன வேலை செய்வார்?"

"யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு எந்தக் கருவி, எந்த நேரத்தில் யார் ஒதுங்க வேண்டும், எல்லாம் அவர்தான் சொல்வார். மேஸ்திரி இல்லாவிட்டால் ஒருவர் தலையில் ஒருவர் கல் போடுவோம்."

"கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒரு மேஸ்திரி இருக்கிறார் தாத்தா. டைப் அடிக்கும் புரோகிராம் ஒரு தொழிலாளி. படம் காட்டும் புரோகிராம் இன்னொரு தொழிலாளி. விசைப்பலகை, பிரிண்டர், வட்டு எல்லாம் கருவிகள். யாருக்கு எது, எப்போது என்று சொல்வது மேஸ்திரியின் வேலை. அந்த மேஸ்திரிக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 10."

விண்டோஸ் என்பது மைக்ரோசாஃப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சரக்கு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அந்தக் கம்பெனி புதிய விண்டோஸ் கொண்டுவரும். பழையதற்கு ஒரு தேதி குறிக்கும். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். அதற்கு 2025 அக்டோபர் 14. அடுத்ததான விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபரில்.

"தேதி வந்தால் என்ன நிற்கும்?" என்று அக்கா விடவில்லை.

"ஒட்டுப் போடுவது நிற்கும் அக்கா. எவ்வளவு நல்ல துணியிலும் எங்கேயாவது தையல் விட்டிருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஓட்டைகள் இருக்கும். யாராவது அதைக் கண்டுபிடிப்பார்கள். கம்பெனி மாதா மாதம் ஒட்டு அனுப்பும். இணையம் வழியாக அது தானாக வந்து உட்காரும். இனி விண்டோஸ் 10-க்கு அந்த ஒட்டு வராது."

மாமனார் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கள் சுரங்கத்தையும் தேதி போட்டுத்தான் மூடினார்கள். 2001 பிப்ரவரி 28. மறுநாள் சுரங்கம் இடிந்து விழவில்லை. அங்கேயேதான் இருந்தது. பிறகு பம்பு நின்றது. உள்ளே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வெளியே நின்று பார்த்தவனுக்கு ஒன்றும் தெரியாது."

"அதேதான் தாத்தா" என்றான் தம்பி. இதைவிட நன்றாக அவனுக்கும் சொல்லத் தெரியாது.

பம்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நடந்த கதை உண்டு. 2017 மே மாதம். வான்னக்ரை என்ற தீய புரோகிராம் உலகம் முழுவதும் பரவியது. அது கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டது. திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று கேட்டது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஆந்திரப் பிரதேசத்தில் போலீஸ் துறையின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஓட்டைக்கு ஒட்டு 2017 மார்ச் மாதமே வந்துவிட்டது. அதாவது இரண்டு மாதத்துக்கு முன்பே. மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அன்று விண்டோஸ் 7-க்கு ஒட்டு வந்துகொண்டுதான் இருந்தது. வந்த ஒட்டைப் போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். போட்டவர்கள் தப்பினார்கள். ஆகவே பழையது என்பது மட்டுமே ஆபத்து இல்லை. ஒட்டுப் போடாததுதான் பெரிய ஆபத்து. நம்மில் பலர் அப்டேட் என்று வந்தாலே "பிறகு" என்று அழுத்திவிடுகிறோம்.

"அப்படியானால் விண்டோஸ் 11 போட்டுவிடு தம்பி. காசு எவ்வளவு?"

"விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறக் கம்பெனி காசு கேட்பதில்லை அக்கா. ஆனால் மிஷின் தாங்க வேண்டும். பார்ப்போம்."

தம்பி செட்டிங்ஸ் என்ற இடத்துக்குப் போனான். அதில் சிஸ்டம். அதில் அபவுட். அங்கே கம்ப்யூட்டரின் ஜாதகம் இருந்தது. உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் நீங்களும் அங்கே போய்ப் பார்க்கலாம்.

பிராசஸர் என்ற வரியில் இன்டெல் ஐ3-4130 என்று இருந்தது. கோடுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கம். முதல் இலக்கம் 4. அப்படியென்றால் நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 10100 என்றால் பத்தாம் தலைமுறை.

இன்னும் சிலவற்றையும் விண்டோஸ் 11 கேட்கிறது. நினைவகம் குறைந்தது 4 ஜி.பி. வட்டில் 64 ஜி.பி. இடம். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. அக்காவின் கம்ப்யூட்டரில் 4 ஜி.பி. நினைவகம் இருந்தது. வட்டில் இடமும் இருந்தது. சில்லு இல்லை. பிராசஸரும் பழையது. இவ்வளவும் பார்க்கத் தெரியாதவர்களுக்கு மைக்ரோசாஃப்டே ஒரு சிறிய புரோகிராம் தருகிறது. அதன் பெயர் பி.சி. ஹெல்த் செக். அதை ஓடவிட்டால் ஏறும், ஏறாது என்று சொல்லிவிடும்.

"கடைக்காரர் சொன்னது சரிதான் அக்கா. இதில் முறைப்படி ஏறாது."

"முறைப்படி என்றால்?"

"குறுக்கு வழி இருக்கிறது. சோதனையை ஏமாற்றி ஏற்றலாம். சில பேர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள். ஆனால் அப்படி ஏற்றினால் ஒட்டு வரும் என்று கம்பெனி உறுதி தருவதில்லை. ஒட்டுக்காகத்தானே மாறுகிறோம்? அது வராமல் போனால் மாறி என்ன பயன்? மேலும் 4 ஜி.பி.யில் விண்டோஸ் 11 நத்தை போல் நகரும்."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுவதும் சொல்லவில்லை. விண்டோஸ் 11 ஏறாது என்பது உண்மை. அதனால் புதிய கம்ப்யூட்டர்தான் வழி என்பது உண்மை இல்லை.

தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, இந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன செய்கிறீர்கள்? எல்லாவற்றையும் சொல்லுங்கள்."

அக்கா விரல் விட்டு எண்ணினார். டைப் வேலை பேஜ்மேக்கரில். சில வேலை வேர்டில். மகள் பாட வீடியோ பார்ப்பாள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போடுவாள். வாடிக்கையாளர்கள் பென் டிரைவில் படம் கொண்டுவருவார்கள். மகளிர் குழுவின் கணக்கும் அதில்தான். எப்போதாவது வங்கிக் கணக்கையும் அதில் பார்ப்பார்.

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இணையமே இல்லாத கம்ப்யூட்டரில் பாட்டு மட்டும் கேட்பவர் அவசரப்பட வேண்டியதில்லை. வங்கி வேலை செய்பவர் அப்படி இருக்க முடியாது. அக்காவின் கம்ப்யூட்டருக்கு இரண்டு வாசல். ஒன்று இணையம். மற்றொன்று பென் டிரைவ். பத்து வீட்டுப் பென் டிரைவ் அதில் நுழைந்து வெளியே வருகிறது. ஒரு வீட்டு வைரஸ் பத்து வீட்டுக்குப் போகும். ஆகவே அப்படியே விட முடியாது.

"முதலில் வங்கி வேலையை இதில் நிறுத்துங்கள் அக்கா. போனில் பாருங்கள்" என்றான் தம்பி. "அடுத்து ஒன்று. எதை மாற்றுவதானாலும் மாற்றாவிட்டாலும், முதலில் நகல் எடுக்க வேண்டும். உங்கள் வேலைகளுக்கு நகல் இருக்கிறதா?"

"இல்லையே. எல்லாம் இதற்குள்தானே இருக்கிறது!"

தம்பி தலையில் கை வைத்தான். அவன் வேலை செய்யும் கடைக்கு ஒரு முறை ஒரு ஸ்டூடியோக்காரர் வந்தார். வேறு ஓர் இடத்தில் புது விண்டோஸ் போட்டுக்கொண்டார். போட்டவர் வட்டைத் துடைத்துவிட்டுப் போட்டார். ஒன்பது ஆண்டுக் கல்யாணப் படங்கள் போயின. அதில் இறந்துபோன சிலரின் கடைசிப் படங்களும் இருந்தன. மேஸ்திரியை மாற்றப்போய்ப் பொருளையே இழந்தார்.

மகள் 64 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று வாங்கி வந்தாள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், டி டிரைவில் இருந்த வேலைகள் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். மொத்தம் 38 ஜி.பி. இருந்தது. நகல் எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் ஒரு முறை கரண்ட் போனது. மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார்கள்.

"முடிந்ததா?" என்றார் அக்கா.

"இல்லை. நகல் திறக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும்."

தம்பி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். பென் டிரைவைச் செருகினான். வேர்டில் அடித்த ஒரு திருவிழா நோட்டீஸைத் திறந்தான். திறந்தது. ஆனால் அதில் தமிழ் இல்லை! முழுவதும் ஆங்கில எழுத்து. நடுநடுவே அரைப்புள்ளியும் கோடும். ஒரு வார்த்தையும் படிக்க முடியவில்லை.

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, எல்லாம் போய்விட்டதே!"

இன்னொன்றைத் திறந்தான். அதுவும் அப்படியே. மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகமும் அப்படியே. ஐந்து ஆண்டு வேலை கண் முன்னால் குப்பை போல் கிடந்தது. அக்கா சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பி பயப்படவில்லை. "அக்கா, எந்த எழுத்துருவில் அடித்தீர்கள்?"

"பாமினி."

"அதுதான் விஷயம். ஒன்றும் போகவில்லை."

இது தமிழில் டைப் அடிக்கும் எல்லோரும் அறிய வேண்டிய செய்தி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்தின் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். போர்வை இருக்கும் கம்ப்யூட்டரில் தமிழ் தெரியும். போர்வை இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்து தெரியும். யூனிகோடு என்ற முறை அப்படி இல்லை. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்த எண்கள் உண்டு. போனில் நாம் அனுப்பும் தமிழ்ச் செய்தி யூனிகோடுதான். அதனால்தான் எந்தப் போனில் திறந்தாலும் அது தமிழாகவே தெரிகிறது.

அக்காவின் கம்ப்யூட்டரில் சி டிரைவ், அதில் விண்டோஸ், அதில் ஃபாண்ட்ஸ் என்ற பெட்டி. அங்கே பாமினியும் இன்னும் 14 தமிழ் எழுத்துருக்களும் இருந்தன. அவற்றையும் பென் டிரைவில் எடுத்தார்கள். லேப்டாப்பில் பாமினியை நிறுவினான் தம்பி. நோட்டீஸை மூடித் திறந்தான். தமிழ் வந்துவிட்டது. மாரியம்மன் படத்துக்குக் கீழே கூழ் ஊற்றும் தேதி அழகாகத் தெரிந்தது.

அக்கா சிரித்தார். ஆனால் கைகள் இன்னும் நடுங்கின. கடைக்காரரிடம் 1500 ரூபாய்க்கு அந்தப் பெட்டியைக் கொடுத்திருந்தால்? புதிய கம்ப்யூட்டரில் இவை எப்படித் தெரிந்திருக்கும்? அந்த எழுத்துருவை எங்கே போய்த் தேடுவது?

பென் டிரைவிலிருந்து இன்னொரு நகலும் எடுத்தார்கள். அது ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் அக்காவின் தங்கை வீட்டுக்குப் போனது. ஒரே வீட்டில் இரண்டு நகல் இருந்தால் மழை ஒழுகினால் இரண்டும் நனையும்.

இனி ஒட்டுக்கு என்ன வழி? மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மேலும் ஓர் ஆண்டு பாதுகாப்பு ஒட்டு மட்டும் தருவதாக 2025-ல் அறிவித்தது. 2026 அக்டோபர் 13 வரை. அதற்குக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றும் வேண்டும். கம்ப்யூட்டரின் அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசு இல்லை. சம்மதிக்க விருப்பம் இல்லாதவர்களுக்கு 30 டாலர் என்று வைத்தார்கள்.

மகளுக்குப் பள்ளிப் பாடத்துக்காக ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் என்ற இடத்தில் "என்ரோல் நவ்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார்கள். நான்கைந்து கேள்விகள். ஐந்து நிமிடத்தில் பதிவு முடிந்தது. பைசா செலவில்லை. இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. அவர் விற்பதற்கு அதில் ஒன்றும் இல்லையே!

இதே சமயத்தில் சிலருக்குப் போன் வருவதும் உண்டு. "விண்டோஸ் கம்பெனியிலிருந்து பேசுகிறோம். உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது. பணம் கட்டுங்கள்" என்பார்கள். மைக்ரோசாஃப்ட் அப்படித் தானாகப் போன் செய்து பணம் கேட்பதில்லை. அது திருட்டு. பணம் இழந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

"2026 அக்டோபருக்குப் பிறகு?" என்று மாமனார் கேட்டார். அவர் விடுகிற ஆள் இல்லை.

"அதற்கு இப்போதே ஒத்திகை பார்ப்போம் தாத்தா."

தம்பி சட்டைப் பையிலிருந்து வேறொரு பென் டிரைவை எடுத்தான். அதில் லினக்ஸ் மின்ட் இருந்தது. லினக்ஸ் என்பது வேறு ஒரு மேஸ்திரி. பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் அதைத் தொடங்கினார். பிறகு உலகம் முழுவதும் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பிறருக்கும் கொடுக்கலாம். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். நம் மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் பாஸ் என்ற பெயரில் ஒரு லினக்ஸ் செய்திருக்கிறது.

லினக்ஸில் ஒரு வசதி உண்டு. வட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பென் டிரைவை உருவிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பெண் பார்க்கப் போவது போல. பார்த்ததற்காகக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்த்தார்கள். மகளின் பாட வீடியோ ஓடியது. ஸ்காலர்ஷிப் பக்கமும் திறந்தது. பிரிண்டர் முதலில் முரண்டு பிடித்தது. தம்பி அரை மணி நேரம் உட்கார்ந்தான். பிறகு அச்சு வந்தது. பாமினியும் அதில் வேலை செய்தது. ஆனால் பேஜ்மேக்கர் ஓடவில்லை. அது லினக்ஸுக்காகச் செய்த புரோகிராம் இல்லை. 2001-ல் வந்த 7 தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. அதன் பிறகு அதைச் செய்த கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டது.

"பேஜ்மேக்கர் இல்லாமல் என்னால் முடியாது" என்றார் அக்கா.

"பழைய வேலைகளுக்கு அது வேண்டும்தான். புதிய வேலைக்கும் வேண்டுமா அக்கா? லிபர் ஆஃபீஸ் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் இலவசம். விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். அதில் யூனிகோடில் அடித்துப் பழகுங்கள். உங்கள் தட்டச்சு விரல்களை மாற்ற வேண்டாம். அதே விசை அமைப்பில் யூனிகோடு அடிக்க வழி இருக்கிறது."

அக்கா உட்கார்ந்து பார்த்தார். முதல் வரியில் மூன்று பிழை. இரண்டாம் வரியில் ஒன்று. கொம்பு போடும் இடத்தில் மட்டும் விரல் தயங்கியது. பழைய முறையில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்பார். இதில் அது எப்படி என்று இரண்டு மூன்று முறை அடித்துப் பார்த்துக்கொண்டார்.

அன்று இரவு கணவர் வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்படியானால் என்ன முடிவு செய்தாய்?" என்று அவர் கேட்டார்.

"இப்போதைக்குப் புதியது வாங்கவில்லை. ஓர் ஆண்டு ஒட்டு வரும். அதுவரை இதிலேயே வேலை. புதிய வேலையெல்லாம் யூனிகோடில் அடிக்கப் போகிறேன். கெடு முடிந்ததும் லினக்ஸைப் பக்கத்தில் போட்டுத் தருவதாகத் தம்பி சொன்னான். இணைய வேலை எல்லாம் அதில். விண்டோஸும் உள்ளேயே இருக்கும். பழைய பேஜ்மேக்கர் வேலை வந்தால் இணைய ஒயரைக் கழற்றிவிட்டு அதைத் திறப்பேன்."

"பென் டிரைவ் கொண்டுவருகிறவர்கள்?"

"போனில் அனுப்பச் சொல்லப் போகிறேன். பென் டிரைவ்தான் என்றால் வைரஸ் சோதனை போட்டுவிட்டுத்தான் திறப்பேன்."

கணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கம்ப்யூட்டரே பழுதாகி நின்றால்?" என்றார். நியாயமான கேள்விதான். பன்னிரண்டு வயது மிஷின் அது.

"நின்றால் அன்று வாங்கத்தான் வேண்டும். அப்போது நகல் நம் கையில் இருக்கும். மாதம் 500 ரூபாய் தனியாகப் போட்டு வைக்கலாம்."

திங்கட்கிழமை காலை அக்கா வங்கிக்குப் போனார். படிப்புக்கு வைத்த 30 ஆயிரத்தை மகள் பெயரில் போட்டுவிட்டு வந்தார். திரும்பி வரும் வழியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் கூப்பிட்டார். "என்ன அக்கா, எப்போது வருகிறீர்கள்?"

"வருகிறேன் தம்பி. அதற்கு முன்னால் ஒரு நல்ல பென் டிரைவ் கொடு. இன்னொன்று வேண்டும்."

வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் "2026 அக்டோபர் 13" என்று எழுதினார். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டினார். பிறகு பாதியில் நின்ற கல்யாணப் பத்திரிகையைத் திறந்தார். மணமகள் பெயரில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது.